பிரவீனாவின் பக்கத்தை எடு

கணினியைத் தொட்டதே இல்லை என்பதற்காக ஒரு மனிதனுக்கு அரசாங்க வேலை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் தனசேகரன் சிரித்திருப்பார். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் புடவை விரித்துக் காட்டியே தலை நரைத்தவர் அவர். முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் எழ முடியாது என்றான பிறகு முதலாளி ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டார். வீட்டில் மனைவி கலைவாணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தேடிக்கொண்டு அந்த வேலை வந்தது.

வேலை கொடுத்தது மாவட்ட விளக்கக்காட்சி மையம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஊரில் யாருக்கு என்ன வேண்டுமானாலும், தெருவிளக்கோ முதியோர் உதவியோ, வாரக் கூட்டத்தில் பெரிய திரையில் பக்கமாகக் காட்டினால்தான் அது அதிகாரிகளின் கண்ணில் படும். அந்தப் பக்கங்களைத் தயார் செய்வதுதான் மையத்தின் தொழில். மனுவை வாங்கிப் பக்கமாக்கியவுடன் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஒரே மனு இரண்டு இடத்தில் இருந்தால் அது இரண்டு மனு ஆகிவிடுமாம்.

முன்பெல்லாம் பக்கங்களை மனிதர்கள் செய்தார்கள். இப்போது காட்சித்தோழன் செய்தது. அது ஒரு செயற்கை அறிவு. கணினிக்குள் இருந்துகொண்டு, வாயால் சொன்னதைக் கேட்டு, பக்கம் சேர்க்கும், படம் ஒட்டும், எழுத்தைப் பெரிதாக்கும். ஒவ்வொரு வேலைக்கும் அதனிடம் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வரி விவரணம். நாம் சொல்வது எந்த விவரணத்தோடு பொருந்துகிறதோ அந்தக் கருவியைப் போட்டு வேலையை முடித்துவிடும். கருவி என்ன செய்யும் என்பது அதற்கும் தெரியாது, அந்த இரண்டு வரிதான் தெரியும். ஆகவே வரிகளுக்கு மதிப்பெண் போடக் கருவி விவரண மதிப்பீட்டுக் குழு ஒன்றை அமைத்தார்கள். அதில் கணினி அறியாத பொதுமகன் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மேலிடத்து ஆணை.

நேர்முகத் தேர்வை நடத்தியவர் இணை இயக்குநர் ஆதிகேசவன். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் பேனாக்கள், குரலில் எப்போதும் ஒலிபெருக்கி.

"செல்போன்ல என்ன பண்ணுவீங்க?"

"பேசுவேன் சார். பேசி முடிச்சா என் வீட்டுக்காரி வாங்கி கட் பண்ணுவா."

"பிரமாதம்" என்றார் ஆதிகேசவன். "ஆனா ஒண்ணு. இங்க வந்து கத்துக்கக் கூடாது. கத்துக்கிட்டா நீங்க பொதுமகன் இல்லை, நிபுணர். நிபுணருங்க எங்களுக்கு வேண்டிய அளவு இருக்காங்க."

அதனால் மாதாமாதம் கிராம நிர்வாக அலுவலரிடம் 'இவருக்குக் கணினி தெரியாது' என்று சான்றிதழ் வாங்கித் தர வேண்டியிருந்தது. அவர் வருமானச் சான்று கொடுத்தவர், சாதிச் சான்று கொடுத்தவர், தெரியாமைக்குச் சான்று கொடுத்துப் பழக்கமில்லை. தன் கணினியை முன்னால் தள்ளி, "ஏதாச்சும் பண்ணுங்க, பாக்கலாம்" என்றார். தனசேகரன் அதன் மேல் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். சான்றிதழ் கிடைத்தது.

குழுவில் ஒரு விதி தலையாயது. கருவியை ஓட்டிப் பார்க்கக் கூடாது. முதல் நாளே தனசேகரன் விவரம் புரியாமல் கேட்டுவிட்டார்.

"அது இன்னா பண்ணுதுன்னு ஒரு தபா ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடுமே சார்."

ஆதிகேசவன் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நாம மதிப்பிடறது விவரணத்தை. கருவி என்ன பண்ணுதுன்னு பாத்துட்டா மனசுல பாரபட்சம் வந்துடும். அப்புறம் மதிப்பீடு எப்படி நேர்மையா இருக்கும்?"

கண்காணிப்பாளர் துர்காதேவி இதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். அந்த அம்மாள் கொஞ்சம் யோசிக்கிறவர். யோசிப்பது முகத்தில் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறவரும்கூட.

தெளிவு, முழுமை, பணிவு என்று மூன்று தலைப்பில் மதிப்பெண். 'எழுத்தைச் சிறிதாக்கு' பணிவில் தோற்றது, சிறியவர்களை மேலும் சிறிதாக்குவது சமூகநீதிக்கு ஒவ்வாது என்பதால். பட்டியல் போடும்போது வரிக்கு முன்னால் வரும் குறிக்கான கருவி வந்தது. மாதிரிப் படத்தில் அந்தக் குறி நெற்றி நாமம் மாதிரி இருந்தது. ஒரு உறுப்பினர் அதில் கீழே பாதம் இருக்கிறது என்றார், இன்னொருவர் பாதமே இல்லை என்றார். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வடகலைக்கும் தென்கலைக்கும் நடுவில் கோப்பு சட்ட ஆலோசனைக்குப் போனது. ஆலோசனை வருகிற வரைக்கும் மாவட்டத்தில் எந்தப் பட்டியலும் போட முடியவில்லை.

'செய்ததைத் திரும்பப் பெறு' என்ற கருவிதான் மிக மோசமாகத் தோற்றது. "திரும்பப் பெறுன்னா என்ன அர்த்தம்? செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாது?" என்று ஆதிகேசவன் மேசையைத் தட்டினார். எல்லோரும் சுழியம் போட்டார்கள். தனசேகரனும் போட்டார். அவருக்கு என்ன வந்தது.

இங்கே பிரவீனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தனசேகரன் இருந்த கடைக்குப் புடவைத் தலைப்பில் குஞ்சம் கட்டிக்கொடுத்தவள். சின்ன வயதிலேயே வலது கால் சூம்பிப்போனது. அதோடு கல்லூரி முடித்து, ஓரிக்கை தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவள் காலால் நடக்க முடியாது. மூன்று சக்கர வண்டி ஒன்று கிடைத்தால் போதும். மனு போடச் சொன்னவர் தனசேகரன்தான்.

"எங்க ஆபீஸ்தான்மா. உன் பக்கத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பொங்கல் முடிகிறவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

மார்கழி முதல் வாரத்தில் குழுவின் முன்னால் அந்தக் கருவி வந்தது. விவரணம் ஒரே வரி. 'சொல்லப்பட்ட பக்கத்தை எடு.'

துர்காதேவி பேனாவைக் கீழே வைத்தார். "எடுன்னா எந்த எடு சார்?"

ஆதிகேசவன் திரும்பி, "இதுக்குத்தானே பொதுமகன் இருக்கார். சொல்லுங்க தனசேகரன். எடுன்னா மக்களுக்கு என்ன?" என்றார்.

வாழ்நாள் முழுக்க அவர் கேட்ட சொல் அது. அந்த மாம்பழ மஞ்சளை எடு, மேல் தட்டில் இருக்கிற அரக்கை எடு, அம்மாவுக்கு நல்லதாக நாலு எடு. எடு என்றால் எடுத்து விரி, கண்ணுக்கு நேராகக் காட்டு. பிடித்திருந்தால், "எடுத்துக்கலாம்" என்பார்கள், அப்படியென்றால் வாங்கியாயிற்று. அந்தத் தெருவில் எடு என்ற சொல்லுக்குக் கெட்ட அர்த்தமே கிடையாது.

"எடுன்னா எடுத்துக் காட்டறது சார். வேற இன்னா? காஞ்சிபுரத்துல யாரை வேணா கேளுங்க."

சொல்லும்போதே உள்ளே ஒன்று உறுத்தத்தான் செய்தது. அன்று காலையில்தான் கலைவாணி சாப்பிட்ட இலையைக் காட்டி, "அதை எடுய்யா மொதல்ல" என்றிருந்தாள். அந்த எடுவை அவர் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தார். ஆனால் சட்டை இஸ்திரி கலையாத நான்கு பேர் அவர் சொன்னதைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் அதுவரை எழுதிக்கொண்டதில்லை. உறுத்தலை விழுங்கிவிட்டார்.

"ஒரு எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்த்தா முழுமைக்கு மார்க் கிடைக்கும்" என்றார் ஆதிகேசவன். "நீங்களே சொல்லுங்க."

"பிரவீனாவின் பக்கத்தை எடு" என்றார் தனசேகரன். அரசாங்க வரியில் அவள் பெயர் ஏறினால் ராசியாக இருக்கும் என்று நினைத்தார் பாவம். விவரணம் நூற்றுக்கு நூறு வாங்கியது. மையத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் நூறு.

அந்த வாரக் கூட்டத்தில் பெரிய அதிகாரிகள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மிக்சர் தட்டு. பொதுமகனுக்குச் சுவர் ஓரம் பெஞ்சு. ஆதிகேசவன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"முழு மதிப்பெண் பெற்ற கருவியோட தொடங்கலாம். காட்சித்தோழா, பிரவீனாவின் பக்கத்தை எடு."

திரையில் பிரவீனாவின் படம் இருந்தது, இரட்டைச் சடையோடு, யாரோ நிற்கச் சொன்னதற்காக நேராக நிற்க முயல்கிற மாதிரி. அது சட்டென்று போய் அடுத்த பக்கம் வந்தது. மூலையில் பச்சை எழுத்தில் 'எடுக்கப்பட்டது' என்று வந்தது.

"எல்லாரும் பாத்தாச்சா?"

யாரும் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். எல்லாத் தலையும் ஆடியது.

"கங்கையம்மாள் பக்கத்தை எடு." முதியோர் உதவி போனது. "பள்ளிச் சுவர் பக்கத்தை எடு." விரிசல் விட்ட சுவர் போனது. திரையின் ஓரத்தில் பக்கங்கள் சின்னச் சின்னதாக அடுக்கியிருந்தன. தனசேகரன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு எடுவுக்கும் அடுக்கில் ஒன்று குறைந்தது. கடையில் அலமாரி காலியாகிக்கொண்டே வந்து பில்லே போடாத மாதிரி இருந்தது. பக்கங்கள் காட்டப்படவில்லை. அழிந்துகொண்டிருந்தன.

அவர் எழுந்தார். பாதிதான் எழுந்தார். துர்காதேவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளுக்கும் புரிந்துவிட்டது என்று கண்ணிலேயே தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிக்சர் தட்டின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். தனசேகரன் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய் என்று முட்டிக்குக்கூடத் தெரியும்.

டீ வருவதற்குள் 'நன்றி' என்ற கடைசிப் பக்கம் மட்டும் மிஞ்சியது. மாவட்டத்தில் நிலுவை மனு எதுவும் இல்லை. ஒரே கூட்டத்தில் அத்தனை மனுவையும் எடுத்த அதிகாரிகள் என்று மேலிடத்திலிருந்து அங்கேயே பாராட்டு வந்தது.

மறுநாள் காலையில் பிரவீனா கையில் மந்தாரை இலைப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். கோயில் இட்லி, மிளகு வாசனை வாசல்வரை வந்தது.

"அண்ணா, மெசேஜ் வந்திருக்குது பாருங்க. 'பிரவீனா, மூன்று சக்கர வண்டி: எடுக்கப்பட்டது.' வண்டியே எடுத்துட்டாங்கண்ணா."

கலைவாணி செல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "நெஜமாவே எடுத்துட்டாங்களே" என்றாள்.

"ஆஸ்பத்திரில வந்துடறேன்னு சொல்லிட்டேன். குஞ்சம் வேலையும் விட்டுட்டேன். சாப்பிடுங்கண்ணா, சூடு ஆறிடப் போவுது."

தனசேகரன் சாப்பிட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று அவள் கேட்டாள்.

அன்றே ஆதிகேசவன் அறைக்குப் போனார். "சார், அந்த எடு தப்பு சார். அது பக்கத்த அழிக்குது."

"தப்புன்னா எப்படி நூத்துக்கு நூறு வாங்கும்?"

"நான்தான் சார் தப்பா சொன்னேன்."

"நீங்க தப்பா சொல்ல முடியாது. நீங்க பொதுமகன். பொதுமக்கள் சொல்றதுதான் சரி, அதுக்காகத்தான் உங்களை வெச்சிருக்கோம்."

"போன பக்கத்த மட்டுமாவது திரும்பக் கொண்டாந்துடலாமே சார்."

"அதுக்கு ஒரு கருவி இருந்துச்சு. நீங்களே சுழியம் போட்டீங்க." ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றினார். குரல் திடீரென்று தணிந்தது. "ஒரு நிமிஷம். கருவி பக்கத்தை அழிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓரத்துல குறைஞ்சுக்கினே வந்துதே சார்."

"அப்போ உங்களுக்குக் கணினி தெரிஞ்சுபோச்சு." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அப்படின்னா நீங்க தொடர முடியாது. எனக்கும் மனசில்லை. கணினி ஓட்டத்தை நான் பார்க்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. பொங்கல் கழிச்சு நிலுவையில்லா மாவட்டம்னு சென்னைல விருது. உங்களையும் மேடையில ஏத்தணும்னு இருக்கேன்."

வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. கலைவாணியின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்ல பேனா சார்" என்று வேறு சொன்னார். அதை நினைத்துத்தான் பிறகு அதிகம் கூசினார்.

பொங்கல் முடிந்தது. வண்டி வரவில்லை. பிரவீனாவைத் தன் பழைய மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவதாகத் தனசேகரன் தானாகவே போய்ச் சொன்னார். தினமும் காலையும் மாலையும். தெருவில் எல்லாரும் அவரை மெச்சினார்கள். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார்கள். அதைக் கேட்க நேரும்போதெல்லாம் மொபெட்டின் சத்தத்தை ஏற்றிக்கொண்டார்.

"வண்டி வர்ற வரைக்கும்தாண்ணா" என்பாள் பின்னாலிருந்து. "உங்களுக்கும் வயசாவுது. நான் வேற தொல்லை."

விருது வாங்கிய மறுநாள், ஓரிக்கைப் பக்கம் பாலாறு தெரிகிற இடத்தில், அவளே கேட்டாள். "நேத்து டிவில உங்களைக் காட்டினாங்களே, மேடையில. பெரிய சாரு பக்கத்துல. என் வண்டி எப்பன்னு ஒரு வார்த்தை அவரைக் கேக்கறீங்களாண்ணா?"

தனசேகரன் மொபெட்டை ஓரம் கட்டினார். திரும்பாமலே சொன்னார். எடு என்றால் என்ன என்று தன்னைக் கேட்டதை, தான் சொன்னதை, அவள் பெயரைத் தானே கொடுத்ததை, கையெழுத்துப் போட்டதை, எல்லாம். மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் பக்கம் போனப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்மா."

"எழுந்து சொல்லலியா?"

"பாதி எழுந்தேன்."

அவள் இறங்கினாள். ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாலையோரமாக நடக்கத் தொடங்கினாள். தனசேகரன் மொபெட்டை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ஏறிக்கோம்மா என்றார், திரும்பவும் சொன்னார். அவள் திரும்பவில்லை. ஒரு லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. தூசி அடங்குகிறவரை நின்றவள், மணியைப் பார்த்தாள். பிறகு வந்து எதுவும் பேசாமல் ஏறிக்கொண்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

"திரும்ப மனு எழுதணும்" என்றாள் ஆஸ்பத்திரி வாசலில். "நீங்கதான் எழுதணும். எடுத்துக்கோங்க, எடுத்துப் பாருங்கன்னு எங்கயும் எழுதாதீங்க."

அங்கிருந்து தனசேகரன் நேராக மையத்துக்குப் போனார். விருதுக் கேடயத்தை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குக் கணினி தெரியும்" என்றார்.

சுத்தியல் நின்றது.

"மெல்லப் பேசுங்க" என்றார் ஆதிகேசவன்.

"தெரியும் சார். நல்லாத் தெரியும். அன்னிக்கே தெரியும். போட்ட கையெழுத்து பொய்."

பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி நடந்தது. கணினி தெரிந்தவர் பொதுமகன் ஆகார், ஆகவே அவர் போட்ட மதிப்பெண்கள் செல்லா, ஆகவே அந்த நூறு செல்லாது, ஆகவே அந்தக் கருவியை நிறுத்திவைக்க வேண்டும். அந்தக் கருவி நின்றதால் பக்கங்கள் அழியவில்லை. காட்டும் கருவி இன்னும் மதிப்பீட்டுக்கே வராததால் பக்கங்களைக் காட்டவும் முடியவில்லை. கூட்டங்கள் மறு அறிவிப்பு வரும்வரை தள்ளிவைக்கப்பட்டன. மனுக்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அன்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தனசேகரன் எழுதிய பிரவீனாவின் புது மனுவைத் துர்காதேவி வாங்கிக்கொண்டார். காகிதத்தைக் கிழிக்காமல் நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் விதியை மீறி யாரும் பார்த்ததில்லை, அன்றும் யாரும் பார்க்கவில்லை, தனசேகரனைத் தவிர.

அன்று மாலை, நேரம் கழித்துப் போய்ப் பிரவீனாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து விட்ட பிறகு, வீட்டில் செல்போன் மணி அடித்தது. கலைவாணி வாங்கிப் படித்தாள். "'தனசேகரன், மதிப்பீட்டுக் குழு: எடுக்கப்பட்டது.' அட, உன்னை எடுத்துட்டாங்களாய்யா? நிரந்தரமாவா?"

"நிரந்தரமாத்தான்" என்றார். அதன் அர்த்தத்தை அவளுக்கு விளங்கவைக்க ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுக்க ஆனது.

மறுநாள் காலை மொபெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு பிரவீனா வீட்டு வாசலில் நின்றார். அவள் வெளியே வந்து, அவருடைய பழைய கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தாள்.

"ஆபீஸ் போலியா?"

"என்னை எடுத்துட்டாங்கம்மா."

அவள் ஏறவில்லை. கையை மொபெட் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். "எந்த எடு?"

"உன் பக்கத்த எடுத்தாங்களே, அந்த எடு."

பிரவீனா சிரிக்கவும் இல்லை, பாவம் என்று சொல்லவும் இல்லை. சூம்பிய காலைக் கையால் தூக்கி வைத்து, சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப இனிமே சாயங்காலம் நேரத்துக்கு வந்துடுங்க" என்றாள். "நேத்து ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தேன்."